வலிக்காத நாளிலும் ஒரு மாத்திரை

அருப்புக்கோட்டையில் புறப்பட்டு எம்.ரெட்டியபட்டி சுற்றித் திருச்சுழி போய்த் திரும்பும் தனியார் பஸ்ஸை உக்கிரபாண்டி பதினெட்டு வருஷம் ஓட்டினார். ஒரு நாளைக்கு நாலு நடை. எண்பதுகளில் அந்தப் பக்கம் கைக்கடிகாரம் கட்டியவர்கள் குறைவு. கட்டியிருந்தவர்களும் தன் ஹாரன் சத்தத்தைக் கேட்டுத்தான் முள்ளைத் திருகி வைத்தார்கள் என்று உக்கிரபாண்டியே சொல்லிக்கொள்வார். அவர் சொல்லாவிட்டாலும் வேறு யாராவது சொல்லியிருப்பார்கள். அதுவரை காத்திருக்க அவருக்குப் பொறுமை கிடையாது.

பாளையம்பட்டியில் வீடு. ஆள் நல்ல உயரம், வயிறு ஸ்டியரிங்கைத் தொட்டும் தொடாமலும் இருக்கும். தொழிலில் அவருக்கு ஒரு கொள்கை உண்டு. வண்டி சனத்துக்காக நிற்கலாம், டிரைவருக்காக நிற்கக் கூடாது. வழியில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வேட்டியைத் தூக்கிக்கொண்டு முள்ளுக்காட்டுக்குள் ஓடும் டிரைவர்களை அவர் ஆளாகவே மதித்ததில்லை. ஓடாமலிருக்க வழி என்ன? தண்ணீர் குடிக்காமலிருப்பதுதான். பக்கத்திலேயே இன்ஜின் பெட்டி அடுப்பு மாதிரி கொதிக்கும். சித்திரை வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். மனிதர் மத்தியானம் வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டார். இதை ஒரு சாதனையாகவே வைத்திருந்தார்.

மத்தியானம் திருச்சுழியில் வண்டி இருபத்தைந்து நிமிஷம் நிற்கும். எந்தக் கிளப்புக் கடை வாசலில் நிறுத்துவது என்பது டிரைவர் இஷ்டம். எங்கே நிறுத்துகிறாரோ அங்கேதான் பஸ்ஸில் வந்த கூட்டம் சாப்பிட நுழையும். ஆகவே உக்கிரபாண்டி வழக்கமாக நிறுத்தும் கடைக்காரர் அருஞ்சுனை, டிரைவருக்கும் கண்டக்டருக்கும் திரைக்குப் பின்னால் தனி மேஜை போட்டிருந்தார். அந்த மேஜைக்கு வருவது வெளியே விற்கிற சரக்கு இல்லை. வாரத்தில் ஆறு நாளும் ஈரல் வறுவல், குடல் குழம்பு, ஞாயிற்றுக்கிழமை தலைக்கறி. காசு வாங்க மாட்டார். உக்கிரபாண்டிக்கு அது சாப்பாடு மட்டுமில்லை, மரியாதை. மரியாதையை மிச்சம் வைத்துவிட்டு எழுந்திருக்கிற பழக்கம் அவருக்கு இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் கடைசி நடை முடிந்ததும் இரண்டு பாட்டில் பீர் வேறு.

எண்பத்தேழாம் வருஷம் சித்திரையில், முதல் நடைக்குப் புறப்பட விடியற்காலை எழுந்தவர், வலது காலைத் தரையில் ஊன்றியதும் அலறிக்கொண்டு கட்டிலில் விழுந்தார். தேள்தான் கொட்டிவிட்டதென்று அவர் மனைவி மாரிக்கனி விளக்கை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் தேடினாள். தேளைக் காணோம். பெருவிரல் மூட்டு மட்டும் சிவந்து, வீங்கி, பளபளவென்று இருந்தது. துண்டு நுனி பட்டாலே உயிர் போனது.

சுளுக்கென்று முடிவானது. சுளுக்கெடுப்பவர் வந்து அந்த விரலைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். அப்போது உக்கிரபாண்டி போட்ட சத்தத்துக்கு அவருடைய ஹாரன் தோற்றது. ஆனால் எட்டாம் நாள் கால் சரியாகிவிட்டது. அடுத்த தடவை பச்சிலைப் பத்து போட்டார்கள், சரியானது. அதற்கடுத்த தடவை ஒரு கம்பவுண்டர் ஊசி போட்டார், சரியானது. நாலாம் தடவை மாரிக்கனி அம்மனுக்கு நேர்ந்துகொண்டாள், அதுவும் சரியானது. வந்த வலி ஏழெட்டு நாளில் தானாகப் போகிற வலி. போகிற நேரத்தில் கால் யார் கையில் இருந்ததோ அவருக்குப் பேர் கிடைத்தது.

எண்பத்தொன்பது ஐப்பசியில்தான் விஷயம் முற்றியது. வலி வந்த இரண்டாம் நாளே, யாரிடமும் சொல்லாமல் வண்டியை எடுத்துவிட்டார். ரெட்டியபட்டி தாண்டி ஒரு வளைவில் ஆட்டு மந்தை ரோட்டில் நின்றது. பிரேக்கை மிதித்தார். மிதித்த வேகத்தில் விரலில் தீப்பிடித்தது போலாகி, கால் அவரைக் கேட்காமலே பின்னால் வந்துவிட்டது. வண்டி போய்க்கொண்டேயிருந்தது. இரண்டாம் முறை குதிகாலால் அழுத்தினார். ஆடுகளுக்கும் அவற்றை ஓட்டிவந்த பெண்ணுக்கும் ஒரு முழம் முன்னால் வண்டி நின்றது. பஸ்ஸிலிருந்த சனம் ஆட்டுக்காரியைத் திட்டியது. டிரைவரின் முகத்தைப் பார்த்தது கண்டக்டர் ஐயாத்துரை ஒருவன்தான்.

"அண்ணே, கால் வலிய வச்சுக்கிட்டா வண்டி எடுத்தீக?" என்று காதருகே வந்து கேட்டான்.

"பேசாம விசிலக் குடு," என்றார் உக்கிரபாண்டி. குரல் நடுங்கியது. அதை மறைக்க இரண்டு தடவை ஹாரன் அடித்தார்.

பஸ் முதலாளி தங்கசாமி, அருப்புக்கோட்டையில் மொத்த மளிகைக் கடை வைத்திருந்தவர். ஆட்டு மந்தைச் சமாச்சாரம் அவர் காதுக்குப் போகவில்லை. ஆனால் டிரைவர் அடிக்கடி படுத்துக்கொள்வது அவருக்குத் தெரியாமலா இருக்கும்? கடைக்குக் கூப்பிட்டு நேராகவே சொன்னார்.

"ஏப்பா உக்கிரபாண்டி, இந்த வருசத்துல மூணு தடவ படுத்துட்ட. ஒவ்வொரு தடவையும் ஒனக்குப் பதிலா ஆக்டிங் டிரைவருக்கு நான் ஆளனுப்ப வேண்டியிருக்கு. அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் வரைக்கும் பாக்கேன். அதுக்குள்ள இன்னொரு தடவ கால்னு சொல்லி எறங்குனன்னு வையி, அந்த சீட்டுல வேற ஆள நெரந்தரமா ஏத்திருவேன். மனசுல வச்சுக்கிடாத."

மனசில் வைக்காமல் எங்கே வைப்பது? அந்த சீட்டைத் தவிர உக்கிரபாண்டிக்கு வேறு தொழில் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. அன்று சாயங்காலமே, நொண்டிக்கொண்டு டாக்டர் ராஜகுருவின் ஆஸ்பத்திரிக்குப் போனார். மாரிக்கனியும் கூடப் போனாள்.

டாக்டர் விரலைத் தொடவில்லை. தொடாமலே குனிந்து பார்த்துவிட்டு, என்ன சாப்பிடுகிறீர்கள், எவ்வளவு தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். தொடாத முதல் வைத்தியர் என்பதாலேயே உக்கிரபாண்டிக்கு அவரைப் பிடித்துப்போனது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் யூரிக் ஆசிட் ஒன்பது புள்ளி ஆறு.

"நம்ம ஊரு உப்புத் தண்ணியத் தெனமும் காய வச்சா பானைக்கு அடியில வெள்ளையாப் படியுதுல்ல? அந்த மாதிரி ஒங்க ரத்தத்துல இருக்கற யூரிக் ஆசிட் மூட்டுல போய்ப் படிஞ்சிருக்கு. ஈரலும் குடலும் பீரும் அத ஏத்திவிடும். தண்ணி குடிக்காட்டி வெளிய போகாம உள்ளயே நிக்கும். இதுக்குக் கவுட்டுன்னு பேரு. சுளுக்கு இல்ல, தேளும் இல்ல."

முதலில் வீக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார். மூன்று வாரம் கழித்து, வலி சுத்தமாகப் போன பிறகு, வரச் சொல்லி இரண்டு அட்டை மாத்திரை எழுதிக் கொடுத்தார். பெரிய மாத்திரை அலோபூரினால். அது யூரிக் ஆசிட்டைக் குறைக்கும். குறைகிறபோது மூட்டிலே படிந்திருக்கும் பழைய உப்பு கரைந்து ஒரு ஆட்டம் போடும், அந்த ஆட்டம் அடங்கும்வரை காவலுக்குச் சின்ன மாத்திரை என்று விளக்கினார். இரண்டில் எதையும் விடக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார்.

உக்கிரபாண்டி தலையை ஆட்டினார். மூன்றாம் நாள், சின்ன மாத்திரை வயிற்றைக் கலக்கியது. அதுவும் எங்கே? திருச்சுழியை விட்டுப் புறப்பட்டு ஆறு மைல் வந்த பிறகு. வண்டி நிறைய சனம், டிரைவருக்காக வண்டி நிற்கக் கூடாது என்ற கொள்கை வேறு. பல்லைக் கடித்துக்கொண்டு, கார்த்திகைக் குளிரிலும் வேர்த்து ஊற்ற, அருப்புக்கோட்டை ஸ்டாண்டில் வண்டியைப் போட்டுவிட்டு அவர் ஓடிய ஓட்டத்தை ஐயாத்துரை ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தான். அன்றோடு சின்ன மாத்திரையை நிறுத்திவிட்டார். பெரிய மாத்திரையை மட்டும் ஒழுங்காக விழுங்கினார். யாரிடமும் சொல்லவில்லை.

பதினோராம் நாள் விரல் வீங்கிவிட்டது. நல்ல வேளையாக அந்த வாரம் வண்டி தகுதிச் சான்று வாங்கும் எப்.சி. வேலைக்காக ஷெட்டில் நின்றது, அதனால் சீட்டு தப்பியது. உக்கிரபாண்டிக்கு வந்த கோபத்தில் வலி பாதி மறந்துபோனது. டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

"சார், மருந்து திங்கறதுக்கு முன்னால வருசத்துக்கு மூணு தடவ வந்துச்சு. ஒங்க மாத்திரயத் தின்ன பதினோராம் நாளே வந்துருச்சு. இதுக்கு அந்த சுளுக்கெடுக்கறவரே தேவல."

டாக்டர் பதில் சொல்லுமுன் மாரிக்கனி மஞ்சள் பையிலிருந்து இரண்டு அட்டைகளையும் எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒன்று பாதி காலி. இன்னொன்றில் ஐந்து மாத்திரைதான் குறைந்திருந்தது.

"அரிசிப் பானைக்குப் பின்னால இருந்துச்சு சார். இவுக வகுத்துக்குச் சேரலன்னு நிறுத்திருக்காக. எங்கிட்டயும் சொல்லல. தண்ணியும் குடிக்கறதில்ல. வண்டிய வழில நிறுத்துனா இவுக கவுரவம் போயிருமாம்," என்றாள். உக்கிரபாண்டி அவளை முறைத்தார். அவள் டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காவல்காரன வீட்டுக்கு அனுப்பிட்டு, திருடன் வந்துட்டான்னு என்னக் கேட்டா எப்படி?" என்றார் டாக்டர். கோபமாகச் சொல்லவில்லை. "வயித்தக் கலக்குனா எங்கிட்டல்ல வந்து சொல்லணும்? சின்னத ஒரு வேளையாக் கொறச்சுத் தாரேன், டூட்டி முடிஞ்சு சாயங்காலமாப் போடுங்க. பெரியத ஒரு நாளும் விடாதீங்க. வலி வந்தாலும் விடாதீங்க."

"வலி இல்லாத நாளுமா?"

"ஒங்க வண்டி போன வருசம் எங்கயும் மோதல. அதுக்காக பிரேக்கக் கழட்டி வச்சிருவீகளா?"

இந்தக் கேள்வி உக்கிரபாண்டிக்குப் புரிகிற பாஷையில் இருந்தது. ரெட்டியபட்டி வளைவும் ஆட்டுக்காரியின் முகமும் கண்ணுக்கு முன்னால் வந்தன. முதல் தடவையாக ஆட்டு மந்தை விஷயத்தை வாய் திறந்து சொன்னார். மாரிக்கனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அப்ப வழில வண்டிய நிறுத்துறது கேவலமா, நிறுத்த முடியாமப் போறது கேவலமா?" என்று மட்டும் டாக்டர் கேட்டார். ஒரு நாளைக்கு மூன்று லிட்டர் தண்ணீர், வாரம் ஒரு முறை கொஞ்சம் ஆட்டுக்கறி, ஈரலும் குடலும் தலைக்கறியும் வேண்டாம், பீர் கிடையவே கிடையாது, வயிறு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையட்டும் என்று எழுதிக் கொடுத்தார். மறுபடி விரல் சூடு கண்டால் உடனே போட்டுக்கொள்ள ஒரு மாத்திரையும் கொடுத்து, சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். அன்றைக்குக் கால் ஓய்வில் இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

எப்.சி. முடிந்து வண்டி ரோட்டுக்கு வந்தது, காலும் அடங்கியிருந்தது. முதல் நாள், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தண்ணீர் கேன் தொங்கியது. ரெட்டியபட்டி தாண்டி ஒரு பொட்டலில் உக்கிரபாண்டி வண்டியை ஓரம் கட்டினார். அவருடைய சர்வீஸிலேயே முதல் தடவை.

"என்ன, பஞ்சரா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

உக்கிரபாண்டிக்குக் காது சிவந்துவிட்டது. ஐயாத்துரைதான் சமாளித்தான். "அஞ்சு நிமிசம் நிக்கும். எறங்குறவுக எறங்கிக்கலாம்," என்று விசிலை ஊதினான்.

அவர் பயந்தது போல யாரும் சிரிக்கவில்லை. ஆண்கள் பாதிப் பேர் முண்டியடித்துக்கொண்டு இறங்கினார்கள். பெண்கள் எதிர்ப் பக்கம் வேலிக் கருவேல மறைவுக்குப் போனார்கள். பருத்தி எடுக்கப் போகும் தங்கத்தாய் என்ற பெண் திரும்பி ஏறும்போது டிரைவர் பக்கம் வந்து நின்றாள்.

"இத்தன வருசமா அடக்கிக்கிட்டே போனோம்ல. ஒமக்கு இப்பத்தேன் புத்தி வந்துச்சாக்கும்?" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். தன் கொள்கை ஊரையே இப்படி வாட்டியிருப்பது உக்கிரபாண்டிக்கு அன்றுதான் தெரிந்தது. வெட்கம் பாதி, சிரிப்பு பாதியாக கியரைப் போட்டார். அந்தப் பொட்டல் ஒரு மாசத்தில் நிரந்தர ஸ்டாப்பாகிவிட்டது.

அருஞ்சுனையைச் சமாளிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஈரலை நகர்த்தி வைத்துவிட்டு, கீரையும் முட்டையும் மோரும் போதும் என்று இவர் சொன்னதும் மனிதர் பதறிப்போனார். "நான் என்ன கொற வச்சேன்? எதுத்த கடைக்காரன் ஏதும் சொன்னானா?" என்று தோள் துண்டைக் கையில் எடுத்துவிட்டார். வண்டி இந்த வாசலில்தான் நிற்கும் என்று உக்கிரபாண்டி மூன்று தடவை சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. ஈரல் தட்டு ஐயாத்துரை பக்கம் நகர்ந்தது. அவனுக்கு அதில் எந்த ஆட்சேபணையும் இல்லை. வாசனை மூக்கைத் துளைக்கும்போது உக்கிரபாண்டி ஒரு சொம்புத் தண்ணீரை மடக்மடக்கென்று குடித்துவிட்டு வெளியே போய் டயரைத் தட்டிப் பார்ப்பார். ஆசை விட்டுப்போனது என்றெல்லாம் அவர் பொய் சொன்னதில்லை.

தை பிறந்தபோது யூரிக் ஆசிட் ஏழு புள்ளி எட்டு. டாக்டர் பெரிய மாத்திரையின் அளவைக் கூட்டினார். மாசியில் ஆறு புள்ளி ஒன்பது. ஆறுக்குக் கீழே வந்து அங்கேயே நிற்க வேண்டும், அதுவரை ஒன்றிரண்டு தடவை வலி எட்டிப் பார்க்கலாம் என்றார். எட்டிப் பார்க்கிற வலிக்குப் பங்குனிப் பொங்கல் வரைக்கும் லீவு கொடுத்துவிடுங்கள் என்று உக்கிரபாண்டி சிரித்துக்கொண்டே கேட்டார். சிரித்தாரே தவிர, நாளை எண்ணிக்கொண்டுதான் இருந்தார்.

பங்குனிப் பொங்கல் வந்தது. சுற்றுப்பட்டுச் சனமெல்லாம் அருப்புக்கோட்டைக்குப் போகிற வாரம். நாலு நடை ஆறு நடையானது. சொந்தக்காரர் வீடுகளில் கிடாக்கறி, பாட்டில். எல்லா இடத்திலும் மோர் மட்டும் வாங்கிக் குடித்து ஏச்சு வாங்கினார். முதலாளி சொன்ன கெடு முடிய இன்னும் ஒரே ஒரு நாள் இருந்தது. அன்று மத்தியானம் திருச்சுழியில், புறப்பட ஐந்து நிமிஷம் இருக்கும்போது, பெருவிரல் மூட்டில் லேசாக ஒரு சூடு தெரிந்தது.

செருப்பைக் கழற்றிப் பார்த்தார். மெல்லிய சிவப்பு. வேறு யாரும் கண்டுபிடிக்க முடியாது, அவருக்குத் தெரியும். நின்ற வண்டியில் பிரேக்கை மிதித்துப் பார்த்தார். கால் இறங்கியது. முழுசாக இறங்கவில்லை. வண்டிக்குள் எழுபது பேர், படியில் பத்துப் பேர், மடியில் குழந்தைகள். இன்னும் முக்கால் மணி நேரம் ஓட்டினால் அருப்புக்கோட்டை. நாளையோடு கெடு முடிந்துவிடும். பழைய உக்கிரபாண்டி விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஹாரன் அடித்திருப்பார். இவர் சாவியைத் திருகி இன்ஜினை நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்த மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு ஐயாத்துரையைக் கூப்பிட்டார்.

"எதுக்க உரக்கடையில போன் இருக்கு. மொதலாளிக்குச் சொல்லு. ஆக்டிங் டிரைவர அனுப்பச் சொல்லு."

"அண்ணே, யோசிச்சுத்தான் பேசுதீகளா? இன்னும் ஒரு நாளுண்ணே!"

"போய்ச் சொல்லுடா."

பிறகு எழுந்து, சனத்தைப் பார்த்து நின்று, தன் வாயாலேயே சொன்னார். "எங் கால் இன்னைக்குப் பிரேக்குக்கு ஒழைக்காது. வேற டிரைவர் வாராரு. கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க." சிலர் முணுமுணுத்தார்கள், சிலர் நேரமாகிறதென்று கத்தினார்கள். அவர் ஓட்டத் தொடங்கிய பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வண்டி நேரத்துக்குப் புறப்படவில்லை. உக்கிரபாண்டி இறங்கி, முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

முக்கால் மணி நேரத்தில் ஒரு புல்லட் வந்தது. ஓட்டி வந்தவர் ஆக்டிங் டிரைவர். பின்னால் உட்கார்ந்திருந்தவர் தங்கசாமி முதலாளி. அவரே வருவாரென்று யாரும் எதிர்பார்க்கவில்லை. இறங்கி, டிரைவரின் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். அவர் வாய் திறக்குமுன் உக்கிரபாண்டி சாவியை நீட்டினார்.

"ஒரு நாள் கொறையுது மொதலாளி. நீங்க சொன்னது சொன்னதுதான். வாங்கிக்கிடுங்க."

தங்கசாமி சாவியை வாங்கிக்கொண்டார். "காலு ரொம்ப வீங்குன மாதிரி தெரியலயே. முக்கா மணி நேரந்தான. ஓட்டிருக்கலாம்ல?"

"ஓட்டிருக்கலாம் மொதலாளி. நிறுத்திருக்க முடியாது."

முதலாளி பஸ்ஸை ஒரு தடவை முன்னாலிருந்து பின்னால் வரை பார்த்தார். ஜன்னல்களில் தலைகள், படியில் பிள்ளைகள். பிறகு ஆக்டிங் டிரைவரைக் கூப்பிட்டு அவர் கையில் சாவியை வைத்தார்.

"பத்தரமா ஓட்டு. ரெண்டு நாளைக்குத்தான். மூணாவது நாள் வண்டிக்காரரு வந்துருவாரு."

வலியில் ஒருநாளும் அழாத உக்கிரபாண்டிக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கவும் தோன்றவில்லை. தன் வண்டியிலேயே டிக்கெட் இல்லாத பயணியாக ஏறி, தங்கத்தாய் நகர்ந்து கொடுத்த இடத்தில் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் விடியற்காலை முதல் நடையை அவர்தான் எடுத்தார்.